கண் கத்திக்குப் பச்சைப் பொடி

கத்தி தீட்டுகிற தோலில் தடவும் சிவப்பு மசி டப்பா ஜூலை முதல் வாரத்தில் காலியானது. ஆம்ப்ரோஸ் அதை லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. தீக்குச்சியை விட்டுச் சுரண்டினான், மூடியின் உள்பக்கத்தை வழித்தான், வெயிலில் வைத்தால் மூலையில் ஒட்டியிருப்பது இளகுமா என்று பார்த்தான். வெயில் எங்கே இருந்தது? ஜோகுபாளையத்தில் பத்து நாளாக ஒரே தூறல். துவைத்த துணி காயவில்லை, விறகு பற்றவில்லை, சுவரில் மாட்டிய தோல்வார்களில் எல்லாம் வெள்ளையாகப் பூஞ்சணம் பூக்க ஆரம்பித்திருந்தது.

"இன்னாங்க, அந்த டப்பாவப் போட்டு இப்டி சொரண்டுறீங்க? தகரமே ஓட்டையாயிடும்" என்றாள் பிரிஜெட், அடுப்படியிலிருந்து.

"கொஞ்சம் ஒட்டிக்கினு இருக்குது."

"நேத்தும் அதான் சொன்னீங்க."

அவளுக்கு டப்பா தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து ஒன்றரை வருஷம். இடது கண்ணில் பகல் ராத்திரி வித்தியாசம் மட்டும் தெரியும். வலது கண்ணில் ஆள் நிழலாக நகருவது தெரியும். போன மாதம் கொதிக்கிற கஞ்சியைப் பானையில் வடிப்பதாக நினைத்துக் கையிலேயே வடித்துக்கொண்டாள். அன்றைக்கு ஆம்ப்ரோஸ் அவள் கையில் மருந்து தடவிக்கொண்டே அழுதான். அவள்தான் அவனைச் சமாதானம் பண்ணினாள்.

ஆம்ப்ரோசுக்குத் தீட்டுகிற வேலை. கண்டோன்மெண்டில் இருக்கிற பார்பர் ஷாப் சவரக்கத்தி, டெய்லர் கத்திரி, பிறகு மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர்களின் கத்திகள். சவரக்கத்தியை எந்தத் தோலில் இழுத்தாலும் ஒருவாறு சமாளித்துவிடலாம். சோல்ஜர் கன்னம் எரிந்தால் பார்பரைத் திட்டுவான், அவ்வளவுதான். கண் கத்தி அப்படியல்ல. புல் இதழை நடுவில் கிழித்தால் என்ன அகலமோ அந்த அகலம். கல்லில் தீட்டி முடித்த பிறகும் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும். அந்தப் பிசிறை எடுப்பதற்குத்தான் தோலும் மசியும். மசி சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும். சண்டை நடக்கிறது, கப்பல் ஆம்ப்ரோசுக்கு மசி கொண்டுவருகிற நிலைமையில் இல்லை.

மிஷன் ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு ஒரே டாக்டர், கஸ்தூரிரங்கன். அவரைப் பட்டாளத்துக்கு எடுத்துவிட்டார்கள். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை பூனாவுக்கு ரயில். அதற்கு முந்தின வியாழக்கிழமை கடைசியாக நாலு பேருக்குக் கண் ஆபரேஷன் செய்வதாகச் சொல்லியிருந்தார். பிரிஜெட் மூன்றாவது. அவர் போன பிறகு அடுத்த கண் டாக்டர் எப்போது வருவார் என்று ஆஸ்பத்திரிக்கே தெரியாது. டாக்டரிடம் இருந்தது நாலே நாலு கண் கத்தி. ஒரு கண்ணுக்குப் போன கத்தி தீட்டாமல் மறு கண்ணுக்கு உதவாது. நாலையும் தீட்டித் தரவேண்டியது ஆம்ப்ரோஸ். ஆக, பெண்டாட்டி கண்ணைக் கீறப்போகிற கத்தியை அவனே தீட்டவேண்டும், தீட்டுவதற்கு மசி இல்லை.

முதலில் காவியை அரைத்துப் பார்த்தான். பூதக்கண்ணாடியில் கத்தி விளிம்பைப் பார்த்தால் வண்டித்தடம் மாதிரி கோடுகள். நகரத்பேட்டைத் தட்டாரிடம் நகைக்கு மெருகு போடுகிற சிவப்புக் கட்டி வாங்கிவந்தான். பளபளப்பு வந்தது, கூர் வரவில்லை. நகைக்குப் பளபளப்பு போதும், கத்திக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிறகு பிளாக்பள்ளியில் பெயிண்ட் விற்கிற ரங்குக்கடை வைத்திருந்த சாயபுவிடம் போனான்.

"மிலிட்ரி லாரிக்கு அடிக்கிற பச்சை ரங்கு, எண்ணெ கலக்காத பொடியா இருக்குதா பாய்?"

"இருக்குது. கேட்டுக்கு அடிக்கறதுக்கா, ஜன்னலுக்கா?"

"பொண்டாட்டி கண்ணுக்கு."

"தோபா தோபா!" சாயபு கன்னத்தில் போட்டுக்கொண்டார். விஷயத்தை விளக்கி முடிக்க ஆம்ப்ரோசுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகு அவர் பொடியைக் காகிதத்தில் மடிக்காமல் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்.

பச்சைப் பொடி நல்ல பொடிதான், ஆனால் பொடியும் நொய்யும் கலந்தது. ஒரு நொய் விளிம்பில் உரசினால் போதும், அத்தனை வேலையும் குட்டிச்சுவர். தண்ணீரில் கலக்கித் தெளிய விடவேண்டும். கனமானது முதலில் அடியில் உட்காரும், மெல்லியது மிதந்துகொண்டிருக்கும். எவ்வளவு நேரம் விட்டால் எவ்வளவு மெல்லிசு என்பதற்குத்தான் கணக்கு வேண்டும். வீட்டில் கடிகாரம் இல்லை.

"நான் ஜெபமால சொல்றேன்" என்றாள் பிரிஜெட். "பத்து பிரியதத்தத்துக்கு ஒரு தரம் ஊத்துங்க. நான் ஓடவும் மாட்டேன், நிக்கவும் மாட்டேன். ஒரே வேகந்தான்."

அப்படியே செய்தார்கள். அவள் மணையில் உட்கார்ந்து, மணிக்கு ஒரு பிரியதத்தமாக மாதா ஜெபத்தைச் சொல்லி, ஜெபமாலை உருட்டினாள். பத்து பிரியதத்தம் முடிந்ததும் "ஊத்துங்க" என்பாள். ஆம்ப்ரோஸ் மேலே நின்ற பச்சைத் தண்ணீரை அடுத்த ஜாடிக்கு ஆடாமல் சாய்ப்பான். அடியில் தங்கினதைத் தள்ளிவிட்டு மறுபடி பத்து. ஐம்பத்து மூன்று மணியும் முடிந்த பிறகு எந்தத் தண்ணீர் இன்னும் பச்சையாக நின்றதோ அந்தத் தண்ணீரை அகலத் தட்டில் ஊற்றி அடுப்பு ஓரத்தில் வைத்தார்கள். காய மூன்று நாள் பிடித்தது. தட்டில் மிஞ்சியது இரண்டு சிட்டிகை. விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது.

"இவ்ளோதானா? அம்பத்து மூணு பிரியதத்தம் சொல்லியிருக்கேன் நான்" என்றாள் அவள்.

"மாதா கொஞ்சமாத்தான் குடுப்பாங்க. சுத்தமாக் குடுப்பாங்க."

"பேச்சுக்குக் கொறச்சல் இல்ல."

இனி தோல். சவரக்கத்திக்குத் தொங்குகிற குதிரைத்தோல் வார்தான் நல்லது. ஆனால் தொங்குகிற தோல் இழுக்கும்போது குழியும், குழிந்தால் விளிம்பு உருண்டுவிடும். சவரக்கத்தியில் அது தெரியாது, கண் கத்தியில் காட்டிக்கொடுத்துவிடும். எருமைத்தோல் முரடு. ரயில் தண்டவாளத்தோரம் நிற்கும் கற்றாழையின் பூத்தண்டை வெட்டிக் காயவைத்து அதன் சோற்றில்கூட இழுத்துப் பார்த்தான். மெத்தென்று நன்றாகத்தான் இருந்தது, மழைக்காற்றில் இரண்டு நாளில் ஊறிப்போயிற்று. கடைசியில் கன்றுத்தோலை உட்புறமாகச் சீவி, கண்ணாடித்துண்டால் வழித்து, தேக்குப் பலகையில் வச்சிரம் போட்டு ஒட்டினான். ஒரு சொட்டு விளக்கெண்ணெயில் அந்தப் பச்சைப் பொடியைக் குழைத்து விரலால் தடவினான். தடவினது தெரியாமல் தடவவேண்டும். அதற்கு ஒரு நாள் போயிற்று.

கத்தி தயாரா இல்லையா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. டாக்டர் சொல்லிக்கொடுத்தது. ரூபாய் அளவு பித்தளை வளையத்தின் மேல் மெல்லிய ஆட்டுக்குட்டித் தோலை இழுத்துக் கட்டவேண்டும். அதை டிரம் என்பார்கள். கத்தியைத் தோலின் மேல் செங்குத்தாக வைத்து, அழுத்தாமல், விழாதபடி மட்டும் பிடித்துக்கொள்ளவேண்டும். தன் பாரத்திலேயே அது சத்தமில்லாமல் இறங்கினால் கண்ணுக்கு ஆகும். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் ஆகாது. தோலுக்கு ஆம்ப்ரோஸ் வெளியே போகவேண்டியதில்லை. பிரிஜெட் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கர்னல் வீட்டில் ஆயாவாக இருந்தவள். துரைசானி கொடுத்த வெள்ளை ஆட்டுக்குட்டித்தோல் கையுறை ஒரு ஜோடி பெட்டியில் இருந்தது. வருஷத்துக்கு ஒரு விரலாக வெட்டி டிரம்மில் கட்டியதில் பெட்டியில் கட்டைவிரல் ஒன்றுதான் பாக்கி.

செவ்வாய்க்கிழமை நாலு கத்தியும் சத்தமில்லாமல் இறங்கின. அதுவும் எப்படி! முதல் கத்தி முப்பது இழுப்பிலேயே இறங்கியது. ஆம்ப்ரோசுக்கே ஆச்சரியம். சீமை மசியில்கூட அறுபதுக்குக் குறைந்து இறங்கினதில்லை. மற்ற மூன்றையும் முப்பது முப்பதோடு நிறுத்திக்கொண்டான். அதிகம் இழுத்தாலும் விளிம்பு களைத்துப்போகும் என்பது அவன் கட்சி.

"பச்சை ஜெயிச்சிருச்சு பிரிஜெட்டு!" என்று கத்தினான். புதன்கிழமை கம்பவுண்டர் பெர்னார்ட் வந்து கத்திப்பெட்டியை வாங்கிக்கொண்டு போனான். சாயங்காலம் பிரிஜெட்டுக்குத் தலைக்கு ஊற்றி, வெள்ளைச் சேலை கட்டி, ஜட்காவில் கூட்டிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டான்.

வியாழக்கிழமை காலை ஏழரை மணி. எட்டு மணிக்கு முதல் கேஸ். ஆம்ப்ரோஸ் கேழ்வரகுக் களியில் இரண்டு வாய் தின்றுவிட்டுச் சட்டையை மாட்டினான். கை சும்மா இருக்கவில்லை. விளிம்பில் பல் விழுந்து டாக்டர் வேண்டாமென்று கழித்த பழைய கண் கத்தி ஒன்று மேஜையில் கிடந்தது. அதை எடுத்து, எதற்கென்று தெரியாமலே, டிரம்மின் மேல் வைத்தான்.

கத்தி சத்தமில்லாமல் இறங்கியது.

பல் விழுந்த கத்தி! பால் ஏட்டைக்கூட நேராக அறுக்காத கத்தி! ஆம்ப்ரோஸ் டிரம்மை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். தேங்காயெண்ணெய் வாசனை.

திங்கட்கிழமை பிரிஜெட் பூஞ்சணம் துடைக்கிறேன் என்று அறையில் இருந்த வார் எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டாள். புதுப் பலகையை மட்டும் அவன் துணியில் சுற்றி மேலே வைத்திருந்தான். டிரம் கீழே இருந்தது. தோல் காயக்கூடாது, மாசத்துக்கு ஒரு தரம் எண்ணெய் காட்டு என்று இருபது வருஷமாகச் சொல்லிவந்தவன் அவன். எண்ணெய் ஏறின தோல் எந்தக் கத்தியையும் உள்ளே விட்டுவிடும். செவ்வாய்க்கிழமை அது விட்டது அவன் கத்திகளின் கூருக்காக அல்ல.

பலகை, பூதக்கண்ணாடி, பித்தளை வளையம், பெட்டியில் இருந்த கட்டைவிரல் தோல், எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தான். அல்சூர் ஏரிக்கரையில் பட்டாள லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றும் வழிவிடவில்லை. தூறல் கண்ணில் அடித்தது. இயேசுவே இயேசுவே என்று சொல்லிக்கொண்டே மிதித்தான்.

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது எட்டேகால் தாண்டியிருந்தது. ஆபரேஷன் அறைக்கு வெளியே வராந்தா பெஞ்சில் இரண்டு பேர் கண்ணில் மருந்து விட்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது கேஸான பெட்டி என்ற ஸ்கூல் டீச்சர், அவளுக்குப் பக்கத்தில் பிரிஜெட். நாலாவது ஆளான பால்காரர் தூண் அருகே குந்தியிருந்தார்.

பெர்னார்ட் கதவை மறித்தான். "இன்னா ஆம்ப்ரோசு, உள்ள வேலை நடக்குது. போவக் கூடாது."

"கத்தி சரியில்ல பெர்னார்ட்டு! டாக்டராண்ட சொல்லு, ஒடனே!"

அவன் போட்ட சத்தத்தில் டாக்டரே வெளியே வந்தார். முகத்துணியை மோவாய்க்கு இறக்கினார். "என்ன ஆம்ப்ரோஸ்? நேத்தி சரியா இருக்குன்னு சொல்லித்தானே அனுப்பிச்சே?"

"டிரம்மு பொய் சொல்லிருச்சுங்க ஐயா. தோல்ல எண்ணெ ஏறியிருக்குது. மொண்ணக் கத்திகூட எறங்குது. நான் பாதித் தீட்டுல நிறுத்திட்டேன்."

"முதல் கேஸ் இப்பத்தான் முடிஞ்சுது" என்றார் டாக்டர் மெதுவாக. "பாதியில கத்தி பிடிச்சுது. என் கைதான் இன்னிக்குச் சரியில்லேன்னு நெனச்சுண்டேன்."

முதல் கேஸ் வெங்கடகிருஷ்ணன். மைசூர் சர்க்காரில் ஷிரஸ்தேதாராக, அதாவது கச்சேரித் தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ரிட்டையரானவர். அவரை அப்போதுதான் உள்ளே கட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள். ஆம்ப்ரோஸ் பையைத் தரையில் இறக்கினான்.

"தோல்ல எண்ணெய் பூசினது யாரு?" என்றார் டாக்டர்.

"என் தப்புதாங்க ஐயா."

"அவரு இல்ல டாக்டர்" என்றாள் பிரிஜெட் பெஞ்சிலிருந்து. "நான்தான் பூசுனேன். பூஞ்சணம் புடிச்சிருந்துது. கண்ணு தெரியல, கைக்குத் தோலுன்னு பட்டதுக்கெல்லாம் பூசிட்டேன்."

"பாத்துட்டுக் குடுத்திருக்க வேண்டியவன் நானு" என்றான் ஆம்ப்ரோஸ்.

"சரி, அதைப் பேசி இப்ப ஆகப்போறது ஒண்ணுமில்லை. மூணு கத்தி இருக்கு. பாரு" என்றார் டாக்டர்.

ஆம்ப்ரோஸ் வராந்தாவிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். கட்டைவிரல் தோலை வெட்டி வளையத்தில் புதிதாகக் கட்டினான். உலர்ந்த தோல். முதல் கத்தியை வைத்தான், சத்தமில்லாமல் இறங்கியது. இரண்டாவது 'டிக்' என்றது. மூன்றாவதும் 'டிக்'. அந்தச் சின்னச் சத்தம் பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

"ஆக ஒண்ணு தேவலை" என்றார் டாக்டர். "மத்த ரெண்டையும் சரி பண்ண முடியுமா? மத்தியானம் ஒரு மணிக்குள்ள எனக்கு முடிச்சாகணும். முடியலேன்னா இந்த ஒரு கத்தியோட இன்னிக்கு நிறுத்திடறேன். யாருக்குன்னு நீயே சொல்லு."

ஆம்ப்ரோஸ் வாயைத் திறந்தான். என்ன சொல்லப்போனான் என்பது அவனுக்குத் தெரியும், பிரிஜெட்டுக்கும் தெரியும். இருபது வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு அவன் மூச்சு வாங்குகிற சத்தமே போதும்.

"பெட்டி டீச்சரு எனக்கு முன்னால வந்தவங்க" என்றாள்.

டாக்டர் நல்ல கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பெர்னார்ட் டீச்சரைக் கையைப் பிடித்து அழைத்துப்போனான்.

ஆம்ப்ரோஸ் பலகையை முழங்கால் மேல் வைத்துக் கத்தியைப் படுக்கப் போட்டான். இழுப்பான், திருப்புவான், இழுப்பான். மணிக்கட்டு மட்டும் அசையவேண்டும், விரல் அசையக்கூடாது. ஐந்தாவது இழுப்பில் நிறுத்தினான். தொடையில் கையைத் துடைத்தான்.

"நீங்க பயந்தா எனக்கும் பயமாயிருக்கும்" என்றாள் பிரிஜெட்.

"பயமாத்தான் இருக்குது. இன்னா செய்யச் சொல்ற?"

"செய்யுங்க. பேசாம செய்யுங்க. இல்லன்னா பேசிக்கினே செய்யுங்க."

அறுபது இழுப்பு ஆயிற்று. 'டிக்.' எண்பது. 'டிக்', ஆனால் முன்னைவிட மெல்லிசு. பூதக்கண்ணாடியில் பார்த்தான், நுனிப்பக்கம் ஒரு தலைமயிர் அகலத்துக்குப் பிசிறு பாக்கி. நுனியை மட்டும் இருபது தரம் இழுத்தான். வளையத்தில் வைத்தான். கத்தி இறங்கியது. நம்பவில்லை, தோலில் வேறு இடம் பார்த்து மறுபடி வைத்தான். இறங்கியது. மூன்றாவது தரமும் வைத்தான். அதற்குள் பெர்னார்ட் வந்து, "போதும்பா, கண்ணுக்குக் கொஞ்சம் மிச்சம் வை" என்று வாங்கிக்கொண்டு ஸ்பிரிட்டில் போட்டான்.

பிரிஜெட் உள்ளே போனாள். ஆம்ப்ரோஸ் அவள் போவதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பால்காரருக்கு ஒரு கத்தி பாக்கி இருந்தது, குனிந்து அதை இழுக்க ஆரம்பித்தான்.

டாக்டர் சனிக்கிழமை ரயில் ஏறிவிட்டார். ஆபரேஷன் ஆனவர்களைத் தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து ஆடாமல் படுக்க வைத்தார்கள். பத்தாம் நாள் ஒரு லேடி டாக்டர் கட்டைப் பிரித்தார். பிரிஜெட் வலது கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி விழித்தாள். லேடி டாக்டர் காட்டிய விரல்களை மூன்று என்றாள், பிறகு இரண்டு என்றாள். இரண்டும் சரி. அப்புறம் கட்டில் ஓரம் நின்றிருந்த ஆம்ப்ரோஸ் பக்கம் திரும்பினாள்.

"இன்னாங்க இது, சட்டையெல்லாம் பச்சை! இந்தக் கோலத்துலதான் ஊரெல்லாம் சுத்திக்கினு இருந்தீங்களா?"

ஆம்ப்ரோஸ் சட்டையைக் குனிந்து பார்த்தான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கட்டில் சட்டத்தில் தலையை வைத்துக் குலுங்கினான். அவள் அவன் தலையைத் தடவிக்கொண்டே பெட்டி டீச்சரைப் பற்றிக் கேட்டாள், பால்காரரைப் பற்றிக் கேட்டாள். இருவருக்கும் பார்வை வந்துவிட்டது என்றார் லேடி டாக்டர். "ஷிரஸ்தேதாரு?" என்றாள் பிரிஜெட்.

லேடி டாக்டர் கட்டுத்துணியைச் சுருட்டினார். கண் புண்ணாகிச் சீழ் வைத்துவிட்டது, இனி அந்தக் கண்ணில் பார்வை இல்லை என்றார். கத்தி மட்டும்தான் காரணம் என்று சொல்லமுடியாது, நல்ல கத்திக்கும் சில சமயம் இப்படி ஆவதுண்டு என்றும் சொன்னார். ஆம்ப்ரோஸ் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கலாம். அவனுக்கு மனசு வரவில்லை.

"போங்க, போய்ப் பாருங்க" என்றாள் பிரிஜெட். "நான் வரணும்னா சுவத்தப் புடிச்சிக்கினு வரேன்."

"நீ படு."

ஆண்கள் வார்டில் வெங்கடகிருஷ்ணன் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கண்ணில் கட்டு. இடது கண் அவருக்கும் புரை விழுந்ததுதான். மருமகள் ராஜலக்ஷ்மி டம்ளரில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆம்ப்ரோஸ் யார் என்று தெரிந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

"சாமி, நான்தான் அந்தக் கத்தி தீட்டுனவன்."

"தெரியும். குரல் தெரியறது" என்றார் அவர். "அன்னிக்கு நீ வராந்தாவுல கத்தினது உள்ள எனக்குக் கேட்டுது. அப்பத்தான் மேஜையிலேர்ந்து எறக்கிப் படுக்க வெச்சிருந்தா. ஆடப்படாதுன்னு சொல்லியிருந்தா, அதனால ஆடலை."

ஆம்ப்ரோஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பத்து நாளா இதையேதான் யோசிச்சுண்டிருக்கேன். நீ ஒரு அரை மணி முன்னாடி வந்திருக்கப்படாதா?"

"வந்திருக்கணும் சாமி."

"கோவம் இருக்கு. இல்லேன்னு சொன்னா பொய். போகுமான்னும் தெரியலை."

"போவ வேணாம் சாமி. இருக்கட்டும்."

கிழவர் சிரிக்கவில்லை. கையைத் துழாவிக் காபி டம்ளரைத் தேடினார். ஆம்ப்ரோஸ் எடுத்துக் கொடுத்தான், விரல்கள் பட்டன. அவர் ஒரு வாய் குடித்தார்.

"இடது கண்ணு ஒண்ணு பாக்கி இருக்கு. எப்பவாவது ஒரு டாக்டர் வருவான். கத்தி யார் தீட்டுவா?"

"வேற யாரையாச்சும் பாத்துக்குவாங்க சாமி. இனிமே எங்கிட்ட எப்படிக் குடுப்பாங்க."

"வேற யாரோன்னா, அவன் கத்தி நன்னா இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? பழுதுன்னா வாயைத் தொறப்பானா? நீ தொறந்தே. பெண்டாட்டி பெஞ்சுல உக்காந்திருக்கச்சே தொறந்தே." டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். "நீயே தீட்டு. ஆனா நீ தீட்டறச்சே நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். ஒவ்வொரு கத்தியையும் என் காதுகிட்ட வெச்சு எறக்கிக் காட்டணும்."

"வாங்க சாமி" என்றான் ஆம்ப்ரோஸ், டம்ளரை வாங்கி வைத்து. "நம்ம வீடு ஜோகுபாளையத்துல..."

"தெரியும்" என்றார் வெங்கடகிருஷ்ணன். "விசாரிச்சு வெச்சிருக்கேன்."